கண்டியில் பிறந்த கப்டன் ஏகர்: 1919இல் செய்தது பெரிதா, 1942இல் செய்தது பெரிதா?

காலிமுகத்திடல் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். போன கிழமை மகனைக் கூட்டிக்கொண்டு காலிமுகத்திடலுக்குப் போனேன். அங்கே இருக்கிற பழைய பீரங்கிகளைப் பார்த்துவிட்டு, உலகப் போர் இங்கேயும் வந்ததா அப்பா என்று கேட்டான். 1942 ஏப்ரலில் யப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டதையும் அன்று மத்தியானம் டோர்செட்ஷயர், கோர்ன்வால் என்ற இரண்டு குரூசர்கள் கடலில் மூழ்கியதையும் எனக்குத் தெரிந்த மட்டில் சொன்னேன். அந்த டோர்செட்ஷயரின் கப்டன் யார் என்று கேட்டான், எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து தேடினால் அந்த மனுஷன் பிறந்ததே நம்முடைய கண்டியில்.

பெயர் ஒகஸ்டஸ் ஏகர். பிறந்தது 1890 ஜனவரி 4. அயர்லாந்திலிருந்து வந்த ஒரு தோட்டத் துரையின் பதின்மூன்றாவது பிள்ளை. பிறந்து கொஞ்ச நாளில் தாய் இறந்துவிட்டார், 12 வயதாகும்போது தகப்பனும் இல்லை. சின்ன வயதிலேயே இங்கிலாந்துக்கு அனுப்பி, அங்கிருந்து கடற்படைக்குப் போனவர். முதலாம் உலகப் போரில் டார்டனெல்ஸ் பக்கம் இருந்தார், பிறகு ரஷ்யாவின் வடக்கே வெள்ளைக் கடலில். ஆனால் அவருக்குப் பெயர் வாங்கித் தந்த வேலை ஜேர்மனியோடு சண்டை நின்ற பிறகுதான் வந்தது.

1919. பெட்ரோகிராடில் (இன்றைய சென் பீட்டர்ஸ்பேர்க்) போல் டியூக்ஸ் என்ற பிரித்தானிய உளவாளி தனியாக இருக்கிறார், எல்லைகளை ரஷ்யாவில் ஆட்சியைப் பிடித்த போல்ஷெவிக்குகள் அடைத்துவிட்டார்கள். கடல் வழியாகத்தான் அவருக்கு ஆள் அனுப்ப வேண்டும், அந்த வழியில் குரொன்ஷ்டாட் கடற்படைத் தளம், சுற்றிலும் கோட்டைகள், நீருக்கடியில் தடுப்புச் சுவர்கள், கடற்கண்ணிகள். ஏகருக்குக் கொடுத்தது 40 அடி நீளமான இரண்டு மோட்டார்ப் படகுகள். வேகம் எடுத்தால் நீருக்கு மேலே எழும்பி வழுக்கிக்கொண்டு போகிற வகை, அதனால் கண்ணிகளுக்கு மேலாலேயே ஓடிவிடலாம். படகுக்கு மூன்று பேர், ஒரே ஒரு டோர்பிடோ, நீருக்குள் ஓடிப் போய் வெடிக்கிற குண்டு. அதையும் முன்பக்கமாகச் சுட முடியாது. பின்பக்கத் தொட்டியிலிருந்து வால் முதலில் விழும், விழுந்து படகு போகிற அதே திசையில் பின்னாலேயே ஓடிவரும். எதிரிக் கப்பலை நேரே பார்த்து முழு வேகத்தில் ஓடி, அதைக் கழற்றிவிட்டு, அது உங்கள் முதுகில் ஏறுவதற்குள் ஒதுங்கிக்கொள்ள வேண்டும்.

பின்லாந்தில் தெரியோகி என்ற இடத்தில் தங்கி, கரையில் சாதாரண உடுப்போடு திரிந்தார்கள். கடற்படைச் சீருடையைப் படகுக்குள் வைத்திருந்தார்கள். பிடிபட்டால் உளவாளி என்று சுவரோடு நிறுத்திச் சுடக்கூடாது என்பதற்காக. அந்த நேரம் பார்த்து கிராஸ்னயா கோர்கா கோட்டைச் சிப்பாய்கள் போல்ஷெவிக்குகளுக்கு எதிராகத் திரும்ப, ரஷ்யப் போர்க்கப்பல்கள் அந்தக் கோட்டையை அடிக்கத் தொடங்கின. ஏகருக்கு இருந்த கட்டளை ஆள் ஏற்றி இறக்குவது மட்டும். பார்த்துக்கொண்டு இருக்க அவரால் முடியவில்லை. ஜூன் 16 இரவு இரண்டு படகோடும் போனார், ஒன்று எதிலோ மோதிப் பழுதாகி, அதைக் கட்டி இழுத்துக்கொண்டு திரும்பி வந்தார். 17ஆம் திகதி இரவு ஒற்றைப் படகோடு திரும்பவும் போனார்.

காவலுக்கு நின்ற நாசகாரிக் கப்பல்களைத் தாண்டுகிற நேரத்தில் டோர்பிடோவைத் தள்ளிவிடுகிற வெடிமருந்து தானாக வெடித்துவிட்டது. நல்ல காலம் டோர்பிடோ விழவில்லை. ஆனால் புதுமருந்து போடாமல் ஒன்றும் செய்ய முடியாது. சுற்றிவரக் கப்பல்கள், அந்த நாட்டு ஜூன் மாதம் இரவு வடிவாக இருட்டுவதும் இல்லை. படகை நிறுத்தி, ஆடுகிற தளத்தில் குந்தியிருந்து ஹம்ப்ஷியர் என்ற சப் லெப்டினன்டும் பீலி என்ற மெக்கானிக்கும் அதைச் சரிசெய்தார்கள். பிறகு ஒரே ஓட்டம். 6,000 தொன்னுக்கு மேற்பட்ட ஒலெக் என்ற குரூசர் மூழ்கியது.

இதற்குத்தான் பிரித்தானியாவின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா சிலுவை. இரகசிய வேலை என்பதால் எதற்குக் கொடுத்தார்கள் என்று அப்போது விபரமாகச் சொல்லக்கூட இல்லை. ஆகஸ்டில் பெரிய படகுகள் ஏழு குரொன்ஷ்டாட் துறைமுகத்துக்குள்ளேயே புகுந்து அடித்தபோது வழிகாட்டிப் போனவரும் இவர்தான், அதற்கு இன்னொரு பதக்கம். அந்த ஏழில் மூன்று திரும்பவில்லை.

எல்லாரும் இவரை 1919 கதையோடுதான் நினைக்கிறார்கள். எனக்கு என்னவோ 1942இல் நம்முடைய கடலில் அவர் செய்ததுதான் பெரிதாகத் தெரிகிறது. உங்கள் எண்ணம் என்ன?

இரும்புக்கப்பல் எழுதியது:

டோர்செட்ஷயர் என்றால் பிஸ்மார்க் என்ற பெரிய ஜேர்மன் போர்க்கப்பலை முடித்த கப்பல் அல்லவா? அப்படியானால் ஏகர் பிஸ்மார்க்கையும் மூழ்கடித்தவர். அதைக் காணோமே அண்ணா?

துறைமுகத்தார் எழுதியது:

தம்பி, கப்பல் அதுதான், கப்டன் வேறு. பிஸ்மார்க்குக்குக் கடைசி டோர்பிடோக்களை விட்டது 1941 மே 27, அப்போது டோர்செட்ஷயரின் கப்டன் மார்ட்டின். ஏகர் பொறுப்பெடுத்தது அதே வருடம் ஆகஸ்டில். அவருடைய கையில் இருந்தபோது தென் அட்லாண்டிக்கில் பைதன் என்ற ஜேர்மன் விநியோகக் கப்பலைப் பிடித்தது, டிசம்பர் 1. நீர்மூழ்கிகளுக்கு எண்ணெய் கொடுத்துக்கொண்டிருந்த கப்பல், இவர்கள் வந்ததைக் கண்டதும் ஜேர்மன்காரர்களே அதை மூழ்கடித்துவிட்டார்கள்.

அதற்கு முன் 1940 கடைசியில், பிரான்ஸ் கரையில் சேர்ந்து நின்ற ஜேர்மன் படையிறக்கும் படகுகளை எரிப்பதற்குப் பழைய எண்ணெய்க் கப்பல்களை நெருப்புக் கப்பலாக்கி அனுப்புகிற திட்டம் ஒன்று ஏகரிடம் கொடுக்கப்பட்டது. ஒவ்வொரு தடவையும் காற்றாலோ இயந்திரக் கோளாறாலோ தடைப்பட்டு, கடைசித் தடவை அவர் ஏறியிருந்த நாசகாரியே கண்ணியில் பட்டது. சரிவராமல் போனவற்றையும் சேர்த்துத்தான் ஒரு அதிகாரியை நிறுக்க வேண்டும், அதனால் சொல்கிறேன்.

நான் துறைமுகத்தில் 31 வருடம் வேலை செய்தவன். நான் சேர்ந்த காலத்தில் 1942ஐக் கண்ட மூத்த ஆட்கள் இரண்டு மூன்று பேர் ஓய்வுபெறுகிற வயதைத் தாண்டியும் வந்து போவார்கள். அவர்கள் சொன்னதில் எனக்கு மறக்காதது அந்தச் சனிக்கிழமை இரவு. ஏப்ரல் 4 பின்னேரம் கொக்கலையிலிருந்து போன கற்றலீனா விமானம் தென்கிழக்கே யப்பான் கடற்படையைக் கண்டு செய்தி அனுப்பிவிட்டது. அனுப்பிக்கொண்டிருக்கும்போதே சுட்டு விழுத்திவிட்டார்கள், ஓட்டி வந்த கனடாக்காரர் பேர்ச்சலும் உயிர் தப்பியவர்களும் போர் முடியும்வரை யப்பானில் சிறை. அந்தச் செய்தியோடு, ஓடக்கூடிய கப்பலெல்லாம் வெளியேற வேண்டும் என்று கட்டளை. டோர்செட்ஷயர் பழுதுபார்க்க வந்து நின்ற கப்பல், தொடங்கிய வேலையை அரைகுறையில் நிறுத்தி, கழற்றினதைத் திரும்பப் பூட்டினார்கள். கோர்ன்வால் அவுஸ்திரேலியத் துருப்புகளோடு வரும் கப்பல்களுக்குத் துணை போகக் காத்திருந்தது. இரண்டும் இரவோடு இரவாக வெளியே போயின. ஊர் முழுக்க இருட்டடிப்பு, அலைதடுப்பு விளக்கும் இல்லை. அந்த இருட்டில் அவ்வளவு பெரிய கப்பலை வாய்க்கால் வழியாக எடுப்பது என்றால் என்ன என்று என்னைப் போலத் துறையில் நின்றவனுக்குத் தெரியும்.

விடிய ஏழரை மணி போல விமானம் வந்தது. ஐந்து விமானந்தாங்கிகளிலிருந்து, பேர்ள் ஹார்பரை அடித்த அதே படை. துறைமுகத்தில் எஞ்சி நின்ற டெனெடொஸ் என்ற பழைய நாசகாரியும் ஹெக்டர் என்ற ஆயுதம் பூட்டிய கப்பலும் போயின. பெரிய கப்பல்கள் நிற்கும் என்று நினைத்து வந்தவர்களுக்கு அந்த இரண்டு குரூசரும் கிடைக்கவில்லை. மத்தியானம் கடலில் கிடைத்தன.

கொட்டாஞ்சேனை எழுதியது:

உயிர்த்த ஞாயிறு என்றால் இப்போது எங்களுக்கு 2019 குண்டுவெடிப்பு மட்டும்தான் நெஞ்சில் வரும். கொச்சிக்கடைக் கோயில் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். ஆனால் 1942இல் குண்டு விழுந்ததும் அதே உயிர்த்த ஞாயிறுதான், அதனால் என் அம்மம்மாவுக்கு அந்த நாளில் இரண்டு நினைவு இருக்கிறது. அவவுக்கு இப்போது 92 வயது, 1942இல் எட்டு வயதுப் பிள்ளை. பூசைக்குப் போகப் புதுச்சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னிக்கொண்டிருக்கும்போது சத்தம் கேட்டதாம். முதலில் இடி என்று நினைத்தார்களாம். தகப்பன் முற்றத்தில் நின்று மேலே பார்த்து, சிறகில் சிவப்பு வட்டம் தெரிகிறது என்று கத்தினாராம். பிள்ளைகளையெல்லாம் மேசைக்குக் கீழே தள்ளி, அவவின் அம்மா மேலே பாயைப் போட்டாவாம். பாய் என்ன செய்யும், ஆனாலும் போட்டா என்று ஒவ்வொரு தடவையும் சொல்லுவா.

அங்கொடையில் மனநோய் ஆஸ்பத்திரியிலும் குண்டு விழுந்து பாவங்கள் செத்தார்கள். அடுத்த நாளே கொழும்புச் சனம் ரயிலிலும் வண்டியிலும் ஊருக்கு ஓடத் தொடங்கிவிட்டது. எங்கள் ஆட்கள் சிலாபம் பக்கம் போய் மூன்று மாதம் இருந்தார்கள். திரும்பி வந்தால் அரிசி இல்லை, பர்மா யப்பானிடம் போய்விட்டதால் எல்லாம் கூப்பனுக்கு. பாண் சாப்பிடப் பழகினது அப்போதுதான் என்று சொல்லுவா.

கப்பல்கள் மூழ்கினதைப் பற்றி அவவுக்கு ஒன்றும் தெரியாது. அண்ணா, அந்த மனுஷனுக்குக் கடலில் என்ன நடந்தது என்று எழுதுங்கோ. இரவு அவவுக்கு வாசித்துக் காட்டுகிறேன்.

லயக்காம்பரா எழுதியது:

கண்டியில் பிறந்தவர் என்றதும் எனக்கும் ஓர் ஈர்ப்பு வந்தது. ஆனால் ஒன்றைச் சேர்த்துச் சொல்லாமல் விட முடியாது. 1890 என்பது கோப்பி நோயில் அழிந்து, அதே மலைகளில் தேயிலை ஏறிக்கொண்டிருந்த காலம். எங்கள் முப்பாட்டன்மார் மன்னாரிலிருந்து காட்டுவழியால் நடந்து மாத்தளைக்கு வந்தார்கள். வழியில் விழுந்தவர்களுக்குக் கல்லறையும் இல்லை, பெயர்ப் பட்டியலும் இல்லை. கண்டிச்சீமை என்று எங்கள் பாட்டுகளில் வருகிற இடமும் ஏகர் பிறந்த கண்டியும் ஒன்றுதான், துரை பங்களாவிலிருந்து லயத்துக்கு இருக்கிற தூரம்தான் வித்தியாசம்.

தாய் இறந்த கைக்குழந்தையை அந்த பங்களாவில் யார் தூக்கி வைத்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். துரைமார் வீட்டுப் பிள்ளைகளை ஆயாமார்தான் வளர்த்தார்கள். அந்தக் குழந்தை முதலில் கேட்ட தாலாட்டு எந்த மொழியோ.

அவருடைய துணிச்சலைக் குறைத்துச் சொல்லவில்லை. 52 வயதில் தான் பிறந்த தீவுக்குப் பக்கத்துக் கடலிலேயே கப்பலை இழந்தார் என்பது என்னையும் தொடுகிறது. நம்மவர் என்று உரிமை கொண்டாடும்போது அந்த மலையில் இருந்த மற்றவர்களையும் நினையுங்கள், அவ்வளவுதான்.

காலிமுகத்திடல் எழுதியது:

சரியாகச் சொன்னீர்கள். நான் நம்முடைய கண்டி என்று எழுதியபோது இதை யோசிக்கவில்லை, யோசித்திருக்க வேண்டும்.

வெள்ளவத்தை_வாசகன் எழுதியது:

நான் கொஞ்சம் மாற்றுக் கருத்து. 1942 விடயத்தில் ஏகரிடம் பிழை இருக்கிறது என்று நினைக்கிறேன். காலையில் யப்பான் வேவு விமானம் கண்டுபிடித்துப் பின்தொடர்ந்தது. வயர்லெஸ்ஸில் உடனே சொல்லியிருந்தால் பிரித்தானியக் கிழக்குக் கடற்படைத் தளபதி சொமர்வில்லின் விமானந்தாங்கிகளிலிருந்து சண்டை விமானமாவது அனுப்பியிருக்கலாம். இவர் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் சொன்னபோது செய்தி சிதைந்துபோய்ச் சேர்ந்தது. 1919இல் கட்டளையை மீறி அடிக்கப் போன ஆள், 1942இல் மௌனம் காக்க வேண்டும் என்ற விதியை ஏன் மீறவில்லை? இரண்டு கப்பலிலுமாக 424 உயிர் அண்ணா. சும்மா விடுகிற கணக்கா?

துறைமுகத்தார் எழுதியது:

தம்பி, நல்ல கேள்வி. ஆனால் அந்த மனுஷன் நின்ற இடத்தில் நின்று பாருங்கள். அவருக்குத் தெரிந்தது என்ன? சொமர்வில்லின் கப்பல்கள் மாலைதீவின் அட்டு அட்டோலிலிருந்து வந்துகொண்டிருக்கின்றன, பின்னேரம் அவரோடு சேர வேண்டும். யப்பான்காரனுக்கு சொமர்வில் எங்கே நிற்கிறார் என்று தெரியாது. இவர் வயர்லெஸ்ஸைத் திறந்தால், பதில் வந்தால், முழுக் கடற்படையும் எங்கே என்று தெரிந்துவிடும். சொமர்வில்லிடம் இருந்த பெரிய போர்க்கப்பல்கள் ஐந்தும் முந்தைய போர்க்காலப் பழசு, ஐந்து விமானந்தாங்கிகளுக்கு முன்னால் அவை நின்றிருக்க முடியாது. தன் இரண்டு கப்பல் போனாலும் மற்றதெல்லாம் தப்பட்டும் என்று நினைத்திருக்கலாம். அன்று சொமர்வில்லின் கப்பல்கள் யப்பான்காரனின் கண்ணில் படவே இல்லை.

என்னைக் கேட்டால் பிழை அந்தப் பாதையைக் கொடுத்த இடத்தில் இருக்கிறது. வேகமாக வந்து சேர் என்று சொல்லி, எதிரி விமானம் எட்டக்கூடிய கடலுக்குள்ளேயே ஓட விட்டார்கள். ஆனால் நேரத்தோடு சொல்லியிருக்க வேண்டும் என்பதை நானும் முழுதாக மறுக்க மாட்டேன்.

வெள்ளவத்தை_வாசகன் எழுதியது:

சொமர்வில் கண்ணில் படவில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன் ஐயா. அந்த 424 பேரின் வீட்டு ஆட்களுக்கு முன்னால் இந்த விளக்கம் நிற்குமா என்பதுதான் எனக்கு இன்னும் தெளியவில்லை.

காலிமுகத்திடல் எழுதியது:

கொட்டாஞ்சேனைத் தங்கச்சி கேட்டதற்காக அந்தப் பகுதியைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

மத்தியானம் 1.40 போல, சூரியனை முதுகில் வைத்துக்கொண்டு ஐம்பதுக்கு மேற்பட்ட குண்டுவீச்சு விமானங்கள் குத்தெனக் கீழே பாய்ந்தன. முகில் இல்லாத நாள். முதல் குண்டுகளிலேயே டோர்செட்ஷயரின் சுக்கானும் வயர்லெஸ்ஸும் போயின. எட்டு நிமிடத்தில் கப்பல் கீழே. 10,000 தொன் கப்பல், ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்கிற நேரத்தில். கோர்ன்வால் இன்னும் சில நிமிடம் தாக்குப்பிடித்தது. ஏகருக்குக் காலில் குண்டுச் சிதறல் பட்டது, கப்பலோடு கீழே இழுக்கப்பட்டு மேலே வந்தவர், நுரையீரலும் கெட்டுப்போனது.

மேலே வந்து பார்த்தால் நூற்றுக்கணக்கான தலைகள், தண்ணீரில் தடித்த கறுப்பு எண்ணெய், கண்ணுக்கும் தொண்டைக்கும் அதுதான். மிஞ்சின படகுகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை, அதிலும் ஓட்டை. எவருக்கும் இவர்கள் மூழ்கினது தெரியுமா என்றும் தெரியாது. காயக்காரரைப் படகில் ஏற்றி, மற்றவர்கள் மிதக்கிற பலகை, தெப்பம் எதையாவது பிடித்துக்கொண்டு சுற்றிவர. பிரிந்து போகக்கூடாது, ஒரே கூட்டமாக நிற்க வேண்டும் என்பதுதான் ஏகர் விடாமல் சொன்னது. விமானம் தேடி வந்தால் கூட்டமாக இருந்தால்தான் கண்ணில் படும், தனித்தனியாக மிதக்கிற தலை அலையில் தெரியாது. சுறா வந்தது. செத்தவர்களோடு அது நின்றுகொண்டது என்று தப்பினவர்கள் சொல்லியிருக்கிறார்கள். இரவு குளிர், விடிந்தால் பூமத்திய ரேகைக்குப் பக்கத்து வெயில். கரைக்கு நீந்துவோம் என்று யாராவது கிளம்பியிருந்தால் முடிந்தது, இலங்கை நூற்றுக்கணக்கான கிலோமீற்றருக்கு அப்பால்.

அடுத்த நாள் பின்னேரம் சொமர்வில்லின் விமானம் ஒன்று கண்டது. என்டர்பிரைஸ் என்ற குரூசரும் பலடின், பன்தர் என்ற இரண்டு நாசகாரிகளும் வந்து தூக்கின. ஏறக்குறைய முப்பது மணித்தியாலம். இரண்டு கப்பலிலுமாக 1,122 பேர் உயிரோடு.

ஒலெக்கை அடிக்கப் போனபோது அவருக்குக் கையில் ஆயுதம் இருந்தது, வேகம் இருந்தது, ஓடித் தப்பவும் வழி இருந்தது. இங்கே கப்பல் போய்விட்டது, கட்டளை போடுவதற்கு ஒரு பீங்கான் கோப்பை அளவு அதிகாரம்கூடக் கையில் இல்லை, கழுத்துவரை எண்ணெயில் நின்றுகொண்டு குரலால் மட்டும் சனத்தைச் சேர்த்து வைத்திருந்தார். இதற்கு இரண்டாவது விக்டோரியா சிலுவை கிடைக்கவில்லை.

இரும்புக்கப்பல் எழுதியது:

அண்ணா, வாசித்து முடித்தும் நான் 1919 பக்கம்தான். கடலில் விழுந்தவன் உயிர் பிழைக்கப் பார்ப்பான், அதில் தெரிவு இல்லை. ஜூன் 17 அன்று ஏகருக்குத் தெரிவு இருந்தது. ஒரு படகு ஏற்கெனவே பழுது, போகாமல் இருந்தால் யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள். போனார். அதோடு அந்த மெக்கானிக் பீலியையும் மறக்கக்கூடாது. அந்த இயந்திரம் நடுவில் நின்றிருந்தால் விக்டோரியா சிலுவை எங்கே?

ஆனால் ஒருவர் இரண்டையும் செய்திருக்கிறார் என்பதைப் பார்க்கும்போது ஏன் பிரித்து நிறுக்கிறோம் என்றும் தோன்றுகிறது.

துறைமுகத்தார் எழுதியது:

பிறகு அவரைக் கடலுக்கு அனுப்பவில்லை. உடம்பு விடவில்லை. 1943இலிருந்து கிரீனிச்சில் கடற்படைக் கல்லூரிக்குத் தலைவராக இருந்தார், பிற்காலத்தில் ஹம்ப்ஷயரில் ஸ்ரோபரி பயிரிட்டுக்கொண்டு இருந்தார். 1968 டிசம்பர் 30இல் இறந்தார். 1919இல் அவர் ஓட்டிய அந்தச் சின்னப் படகு இன்றும் இங்கிலாந்தில் பத்திரமாக இருக்கிறது. டோர்செட்ஷயர் நம்முடைய தென்மேற்குக் கடலின் அடியில்.

கொட்டாஞ்சேனை எழுதியது:

நேற்று இரவு அண்ணா எழுதினதை அம்மம்மாவுக்கு மெதுவாக வாசித்துக் காட்டினேன். காது கொஞ்சம் மந்தம், அதனால் சில வரியை இரண்டு தரம். சுறா என்ற இடத்தில் செபமாலையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டா. முப்பது மணித்தியாலம் என்றதும், அப்படியென்றால் நாங்கள் மேசைக்குக் கீழே இருந்து வெளியே வந்து, கஞ்சி குடித்து, பயத்திலே நித்திரை கொண்டு எழும்பின அவ்வளவு நேரமும் அவர்கள் தண்ணிக்குள்ளேயா என்று கேட்டா. ஓம் என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு, தூக்கின கப்பலில் அதுகளுக்கு முதலில் குடிக்கக் கொடுத்தார்களா என்று கேட்டா. கொடுத்திருப்பார்கள் அம்மம்மா என்றேன். காலையில் எழும்பியும் அதையே திரும்பக் கேட்டா.